விறைத்த உடம்பும் சீகிரியாப் படிகளும்

யாழ்ப்பாணத்திலிருந்து சீகிரியாவுக்கு வான் பிடித்துப் போகிற குடும்பங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வந்து இறங்கும். விடியமுன் வெளிக்கிட்டு, நாலைந்து மணித்தியாலம் இருந்த இடத்திலேயே இருந்து, இனாமலுவைச் சந்தியில் உள்ளே திரும்பி, தரிப்பிடத்தில் வான் நின்றதும் பிள்ளைகள் குதித்து ஓடிவிடுவார்கள். பெரியவர்கள் ஒரு கையால் கதவையும் மறு கையால் நாரியையும் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்வார்கள். அதே உடம்புகள்தான் இனிச் சுமார் 1,200 படிகள் ஏறி, அத்தனையையும் திரும்ப இறங்க வேண்டும். சுற்றியுள்ள நிலத்திலிருந்து பாறை 180 மீற்றர் வரை எழுந்து நிற்கிறது.

இரண்டு நாள் கழித்து வீட்டில் கதிரையில் இருக்கப் போனால் தொடை விடாது. வாசற்படியில் பக்கவாட்டாகக் கால் வைத்து இறங்க வேண்டியிருக்கும். “எனக்கு உடம்பு சரியான விறைப்பு. பிலாட்டீஸ் செய்தால் நல்லதாம். கொஞ்சம் வளைய வந்த பிறகு போய்ச் சேருவம்” என்ற பேச்சு அப்போதுதான் வரும். நீந்தப் பழகிவிட்டுத்தான் கேணியில் இறங்குவேன் என்பது போன்ற கதை இது. வளைகிற உடம்போடு பிலாட்டீஸ் என்ற இந்தப் பயிற்சிக்குப் போக வேண்டியதில்லை. விறைத்த உடம்பை வளையப் பழக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. ஆனால் அதற்கு முன், விறைப்பு என்று ஒரே பெயரில் சொல்லிக்கொள்ளும் மூன்று வேறு வேறு சங்கதிகளைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு.

முதலாவது, வானிலிருந்து இறங்கும்போது வருவது. நாலைந்து மணித்தியாலத்தில் எந்தத் தசையும் நீளம் குறைந்துவிடாது. அசையாமல் வைத்திருந்த தசை தற்காலிகமாக இறுகும், அசைத்தால் இளகும். அது தசையின் இயல்பு. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான திரவமும் அசைவில்தான் நன்றாகப் பரவும். ஆகவே இதற்கு நீட்டல் பயிற்சி எதுவும் தேவையில்லை, பத்து நிமிடம் நடந்தால் போதும். சீகிரியாவை அமைத்தவர்கள் தெரியாமலே இதற்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறார்கள். மேற்கு வாயிலால் நுழைந்தால் படிகள் உடனே வருவதில்லை. அகழியைத் தாண்டி, நீர்ப் பூங்காவின் நடுவால் சில நூறு மீற்றர் சமதரையில் நேராக நடந்துதான் பாறையின் அடிக்குப் போக வேண்டும். காசியப்ப மன்னன் 477 முதல் 495 வரை ஆண்ட காலத்துத் திட்டம் அது. எங்கள் ஆட்கள் அந்த இடத்தை ‘வெயில் ஏறமுன் மேலே போய்விடுவம்’ என்று வேகமாகக் கடந்துவிடுவார்கள். அங்கே அவசரப்படாமல், கையை வீசி, இடையிடையே முழங்காலை இடுப்பு மட்டத்துக்குத் தூக்கித் தூக்கி நடந்தால் வான் விறைப்பு அங்கேயே கழன்றுவிடும்.

விடியப்புற விறைப்பும் ஓரளவு இந்த வகைதான், ஆனால் அதில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. இரவு படுத்திருக்கும்போது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. காலையில் நாங்கள் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் உயரமாக இருப்பது இதனால்தான். பருத்த தட்டு வளைய மறுக்கும். அந்த நேரம் குனிந்தால் அதன்மேல் விழும் அழுத்தமும் கூட. எழும்பியவுடன் கால் விரலைத் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறவர்கள் அதை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுவது நல்லது. வெயிலுக்குப் பயந்து வெள்ளென மலை ஏறுகிறவர்கள் விடுதி அறையில் குனிந்து நிமிர்ந்து பயிற்சி செய்யாமல், தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு முற்றத்தில் நடக்கலாம்.

இரண்டாவது, திரும்பி வந்தபின் வரும் உளைவு. இதைத்தான் பலரும் ‘என் உடம்பு விறைப்பு’ என்பதற்குச் சாட்சியாகக் காட்டுவார்கள். உண்மையில் இதற்கும் உடம்பு வளைவதற்கும் பெரிய தொடர்பு இல்லை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கியபடி உடம்பைத் தூக்குகிறது. மூச்சு வாங்கும், நெஞ்சு அடிக்கும், ஆனால் தசைக்குப் பெரிய சேதம் இல்லை. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்துப் பிடித்து விட வேண்டும். பழக்கமில்லாத தசை நார்களில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாவது இந்த வேலையில்தான். உளைவு அன்றைக்கே முழுதாகத் தெரியாது. ஒரு நாளுக்கும் மூன்று நாளுக்கும் இடையில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாக அடங்கும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வந்த நோ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த அமிலம் ஓய்ந்திருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே இரத்தத்தில் கலந்து தீர்ந்துவிடும், இரண்டாம் நாள் நோவுக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்த உளைவை நீட்டல் பயிற்சி தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உலக அளவில் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு இதைப் பார்த்திருக்கிறது. உடற்பயிற்சிக்கு முன்னே செய்தாலும் பின்னே செய்தாலும் உளைவில் வரும் வேறுபாடு கவனிக்கத் தக்கதாக இல்லை என்பதுதான் முடிவு. உளைவை நன்றாகக் குறைக்கிற வழி ஒன்று உண்டு: அதே வேலையைச் சிறிய அளவில் முன்கூட்டியே ஒருமுறை செய்திருப்பது. சிவனொளிபாதமலைக்கு ஒரே பருவத்தில் இரண்டாம் தடவை போகிறவர்களுக்கும் முதல் தடவை போகிறவர்களுக்கும் கால் உளைவில் உள்ள வித்தியாசம் எல்லாருக்கும் தெரியும். ஒருமுறை இறங்கிப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே அளவு சேதத்துக்கு ஆளாவதில்லை. ஆகவே சீகிரியாப் பயணத்துக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் முன்னால் எங்கேயாவது படி இறங்கிப் பழக வேண்டும். குடாநாட்டில் இதுதான் சிக்கல். எங்களிடம் இருக்கிற கீரிமலையில் மலை இல்லை. மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் படிக்கட்டு கிடைத்தால் போதும். நாலைந்து தரம் ஏறி, நிதானமாக இறங்குங்கள். இறக்கத்துக்குத்தான் புள்ளி. மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பாடம் தேவைப்படாது; அவர்கள் வீட்டிலிருந்து கடைக்குப் போவதே இறக்கம்தான்.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் உண்மையான விடயம். ஓய்ந்திருந்தாலும், உளைவு இல்லாவிட்டாலும், வருடக் கணக்காக ஒரு எல்லைக்கு மேல் போகாத உடம்பு. குந்தினால் குதிக்கால் தரையில் படியாது. காலை நீட்டி இருந்தால் முதுகு பின்னால் சரியும். கையை மேலே தூக்கினால் விலா முன்னே தள்ளும்.

இதற்குத் தசை கட்டையாகிவிட்டது, இழுத்து நீட்டினால் சரி என்று நினைப்பது வழக்கம். ஓரளவுக்குத்தான் அது உண்மை. தசைக்குள் நீளத்தை அளந்து மூளைக்கும் முள்ளந்தண்டு நரம்புக்கும் அறிவிக்கிற நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. பழகாத நீளத்துக்குத் தசை போகும்போது, அதுவும் வேகமாகப் போகும்போது, ‘போதும், நில்’ என்று தசையைச் சுருங்க வைப்பது இந்த ஏற்பாடு. 1996இல் கோப்பன்ஹேகனில் மாக்னுசன் என்பவரும் சகாக்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 3 வாரம் தினமும் தொடையின் பின்தசையை நீட்டியவர்களுக்குக் கால் முன்னைவிடக் கூடுதலாக மேலே போனது. ஆனால் அளந்து பார்த்தபோது தசையின் இழுவிசை மாறியிருக்கவில்லை. அதே தசைதான், முன்பு தாங்காத இழுவையை இப்போது ஆள் தாங்குகிறார். முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் கொடுக்கும் அனுமதிதான். மாதக் கணக்கில், பாரத்தோடு, நீண்ட நிலையில் தசையை வேலை வாங்கினால் அதன் உள் அமைப்பும் மெல்ல நீளும்.

அப்படியானால் நரம்பு மண்டலம் எப்போது அனுமதி கொடுக்கும்? தனக்குக் கட்டுப்பாடு உண்டு என்று தெரிந்த இடத்துக்குத்தான் அது விடும். ஒருவர் உங்கள் காலைப் பிடித்து மேலே தள்ளினால் அது போகும் உயரம் ஒன்று. நீங்களே தூக்கினால் போகும் உயரம் வேறு. இரண்டுக்கும் இடைப்பட்டது உங்களுக்குச் சொந்தமில்லாத இடம், அங்கே பலம் இல்லை. வெறுமனே இழுத்துப் பிடிப்பதோடு நிற்காமல், இயன்ற முழு வீச்சுக்கும் மெல்ல அசைத்து, அந்த எல்லையில் தசையை உழைக்க வைக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம். முழு வீச்சில் செய்யும் பலப் பயிற்சியும் நீட்டல் பயிற்சியும் உடம்பை வளைப்பதில் ஏறக்குறைய சமமாகவே பலன் தருகின்றன என்று 2021இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று சொல்கிறது. பிலாட்டீஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இந்த முறையை உருவாக்கிய யோசப் பிலாட்டீஸ் 1883இல் ஜேர்மனியில் பிறந்தவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியாவில் எதிரி நாட்டவராகத் தடுத்து வைக்கப்பட்டு, மான் தீவு முகாமில் இருந்தார். பிறகு நியூயோர்க் போய் துணைவி கிளாராவோடு பயிற்சிக்கூடம் நடத்தி, 1967இல் இறந்தார். 1945இல் வந்த அவருடைய புத்தகத்தில் பாயில் செய்யும் 34 பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றின் படங்களைப் பார்த்துத்தான் விறைத்த உடம்புக்காரர்கள் பயந்து ஓடுகிறார்கள்: காலை நேராக நீட்டி, முதுகை உருட்டி எழுந்து, நெற்றி முழங்காலைத் தொடுகிறது. படத்தில் இருப்பவர் அந்தக் கலையைக் கண்டுபிடித்தவர், வாழ்நாள் முழுதும் பழகியவர். அவர் முடித்த இடத்தில் நாங்கள் தொடங்க வேண்டியதில்லை. பொம்மையைப் போலப் படத்தைப் பார்த்து மடங்கப் போய் நாரி பிடித்துக்கொண்டவர்கள்தான் ‘பிலாட்டீஸ் எனக்குச் சரிவராது’ என்கிறார்கள்.

முதலில் எது விறைத்திருக்கிறது என்று பாருங்கள். சீகிரியாவுக்குப் போகிறவருக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது கணுக்காலை. செருப்பில்லாமல் ஒரு சுவரைப் பார்த்து நில்லுங்கள். ஒரு பாதத்தின் பெருவிரல் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி இருக்கட்டும். குதிக்காலைத் தரையிலிருந்து கிளப்பாமல், முழங்காலை நேரே முன்னால் கொண்டுபோய்ச் சுவரைத் தொடுங்கள். தொட முடிந்தால் பாதத்தைச் சிறிது சிறிதாகப் பின்னால் எடுத்து, குதிக்கால் கிளம்பாமல் தொட முடிகிற கடைசி இடத்தைக் குறியுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையில் 10 சென்ரிமீற்றர் வந்தால் நல்ல கணுக்கால். 5க்குக் கீழே என்றால் இறுக்கம்தான். வலது இடது இரண்டையும் அளந்து பாருங்கள். ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருந்தால் எப்போதோ சுளுக்கிய பழைய கதை ஒன்று அங்கே ஒளிந்திருக்கக்கூடும். எந்த இடத்தில் தடுக்கிறது என்பதையும் கவனியுங்கள். கெண்டைக்காலில் இழுத்தால் அது தசை, பழக்கலாம். கணுக்காலின் முன்பக்கம் எலும்பு எலும்போடு நெரிவது போல இருந்தால் அங்கே தள்ளக் கூடாது.

ஏன் கணுக்கால்? படி இறங்கும்போது முன்கால் கீழ்ப் படியைத் தொடும்வரை பின்கால் மேல் படியில் ஊன்றி நிற்கிறது. அந்தக் காலின் முழங்கால் விரல்களைத் தாண்டி முன்னே போக வேண்டும். கணுக்கால் மடங்காவிட்டால் குதிக்கால் முன்னதாகவே கிளம்பும், அல்லது பாதம் வெளியே திரும்பி முழங்கால் உள்ளே சரியும். முழங்கால் மூட்டில் விழும் சுமை படி ஏறும்போதும் இறங்கும்போதும் உடல் நிறையின் மூன்று மடங்கைத் தாண்டும். இறக்கத்தில் இன்னும் சற்றுக் கூட. சீகிரியாவில் கல்லில் அமைத்த சிங்கப் பாதத்துக்கு மேலேயுள்ள இரும்புப் படிகளில் கைபிடியைப் பிடித்து நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குகிற பலருக்கு முழங்காலில் குற்றமே இல்லை. கீழே கணுக்கால் மறுக்கிறது, பழியை முழங்கால் வாங்கிக்கொள்கிறது.

இதற்குப் பயிற்சி வீட்டு வாசற்படியிலேயே உண்டு. படியின் விளிம்பில் முன்பாதம் மட்டும் இருக்க நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிக்காலை உயர்த்தி, மூன்று எண்ணும் வரை மெல்லப் படி மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள். அடியில் ஒரு மூச்சு நில்லுங்கள். பத்துத் தரம் முழங்காலை நேராக வைத்து, பத்துத் தரம் சற்று மடக்கி. மடக்கும்போது கெண்டைக்காலின் ஆழத்திலுள்ள தசைக்கு வேலை போகிறது; பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது அதைத்தான்.

அடுத்தது தொடையின் பின்பக்கமும் நாரியும். தரையில் காலை நீட்டி இருந்து பாருங்கள். முதுகு நிமிர மறுத்துப் பின்னால் சரிந்தால், தொடைப் பின்தசை இடுப்பெலும்பைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்த நிலையில் முன்னே குனிந்தால் வளைவது இடுப்பு அல்ல, நாரிதான். நீட்ட நினைத்த தசைக்கு ஒன்றும் போய்ச் சேராது. இதற்குத் தீர்வு சிரிப்பு வருகிற அளவுக்கு எளிது. இரண்டாக மடித்த தலையணையின் விளிம்பில் இருங்கள், முழங்காலைச் சற்று மடக்குங்கள். இடுப்பு நிமிரும். நிமிர்ந்த இடுப்போடு ஒரு சாண் குனிந்தாலும், சரிந்த இடுப்போடு ஒரு முழம் குனிவதைவிட அது பிரயோசனம்.

பிலாட்டீஸில் விறைத்தவர்கள் எல்லாரும் வெறுக்கும் பயிற்சி, மல்லாந்து படுத்து முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக உருட்டி எழும்புவது. பாதி வழியில் நின்றுவிடும், அல்லது கை வீச்சில் திடுக்கென்று எழும்பிவிடும். அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முழங்காலை மடக்கி இருந்துகொண்டு, துவாய் ஒன்றை இரண்டு பாதத்துக்கும் அடியால் சுற்றி இரு நுனியையும் பிடித்து, மூச்சை வெளியே விட்டபடி பின்னால் மெல்லச் சாயுங்கள். முதலில் இடுப்பெலும்பு சரியட்டும், பிறகு நாரி தரையைத் தொடட்டும், பிறகு நடு முதுகு. எந்த இடத்தில் ‘தொப்’ என்று விழப் பார்க்கிறதோ அதற்கு ஒரு விரல் முன்னால் நின்று, இரண்டு மூச்சு விட்டு, துவாயைப் பிடித்தபடியே திரும்பி வாருங்கள். விழப் பார்க்கும் அந்த இடம்தான் உங்கள் முதுகில் அசையாத துண்டு. நாலைந்து வாரத்தில் அந்த இடம் கீழே இறங்கும், துவாயில் இழுவையும் குறையும். ஒன்று கவனம்: இழுவை முழங்காலுக்குப் பின்னால் மின்சாரம் போலச் சுள்ளென்று ஓடினாலோ, கால் விரல் விறுவிறுத்தாலோ அது தசை அல்ல, நரம்பு. நரம்பை இழுத்துப் பிடித்து நீட்டக் கூடாது. முழங்காலை இன்னும் மடக்கிக்கொள்ள வேண்டும்.

நாள் முழுதும் கதிரையில் இருக்கிறவர்களுக்கு இடுப்பின் முன்பக்கம் மூன்றாவது இடம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கும் பாலப் பயிற்சி இதற்கு நல்லது. தொடையின் பின்னால் கெண்டை பிடிப்பதுபோல் பிடித்தால் பாதத்தை உடம்புக்குக் கிட்டக் கொண்டுவாருங்கள். வேலை பிட்டத் தசைக்கு மாறும். தோள், மார்பு பற்றி இங்கே விரிக்கவில்லை. சீகிரியாவில் கையின் வேலை கைபிடியைப் பிடிப்பதோடு சரி.

எவ்வளவு நேரம், எத்தனை நாள் என்பதில் தேவையில்லாத வீரம் வேண்டாம். பாண்டி, அயிரியன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட ஆய்வில் தொடைப் பின்தசையை 30 வினாடி நீட்டியவர்களுக்கும் 60 வினாடி நீட்டியவர்களுக்கும் பலன் ஒன்றாகவே இருந்தது. அவர்கள் வாரத்தில் 5 நாளாக 6 வாரம் செய்தார்கள். பொதுவான வழிகாட்டல், ஒரு தசைக்கு மொத்தம் ஒரு நிமிடம், வாரத்தில் குறைந்தது இரண்டு மூன்று நாள், முடிந்தால் தினமும். வயது போனவர்கள் ஒவ்வொரு தடவையும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் வரை பிடிக்கலாம். இழுப்பது தெரிய வேண்டும், நோகக் கூடாது. முகம் சுளித்தால், மூச்சை அடக்கினால், எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் மாய்வதைவிடத் தினமும் பத்து நிமிடம் உடம்பில் ஒட்டும்.

எங்கள் முன்னோர் இதற்கெல்லாம் பயிற்சி என்று தனியாக ஒன்றும் செய்யவில்லை, செய்யத் தேவையும் இருக்கவில்லை. குந்தியிருந்து பாத்திரம் கழுவினார்கள், தேங்காய் துருவினார்கள், பாயில் சம்மணம் கட்டிச் சாப்பிட்டார்கள். கணுக்காலும் இடுப்பும் ஒரு நாளில் எத்தனையோ தடவை முழு வீச்சுக்குப் போய் வந்தன. அதைச் சொல்லி மேசையையும் கதிரையையும் வீதியில் எறியச் சொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையார் கோயிலில் போடும் தோப்புக்கரணம் இன்னும் கையில் இருக்கிறது. இப்போது பலரும் காதைத் தொட்டு முழங்காலைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு நகர்கிறார்கள். முழுதாகக் குந்தி எழும்பினால் அது கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றுக்கும் பலத்தோடு கூடிய முழு வீச்சுப் பயிற்சி. குதிக்கால் படியாதவர்கள் தூணைப் பிடித்துக்கொண்டு போடலாம், பிள்ளையார் கோபிக்க மாட்டார்.

யார் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலை விறைப்பு தினமும் அரை மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால், நடந்தும் இளகாவிட்டால், மூட்டு வீங்கினால், அது மூட்டு அழற்சி நோயாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்ட வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப்போவது அதிகம். அதைப் பிடித்து இழுத்து நிமிர்த்தப் போகக் கூடாது, பிசியோதெரபிஸ்ட் பார்க்க வேண்டிய விடயம். எலும்பு தேய்ந்து மெலிந்தவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களில் எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், முதுகை உருட்டி முன்னே குனியும் பயிற்சிகளைத் தவிர்க்க வேண்டும். முள்ளந்தண்டு எலும்பு நொறுங்க அது வழி செய்யும். மேலே சொன்ன துவாய்ப் பயிற்சியும் அவர்களுக்கு இல்லை, பின்னால் வளையும் பயிற்சிகளும் பாலப் பயிற்சியும்தான் பொருத்தம். இன்னொரு விதமான ஆட்கள் இருக்கிறார்கள்: உள்ளங்கை தரையில் படியும், முழங்கை எதிர்ப்பக்கம் வளையும், இருந்தும் ‘எப்போதும் இறுக்கமாக இருக்குது’ என்பார்கள். அவர்களுக்கு மூட்டு ஏற்கனவே தளர்வு, தசை அதைப் பிடித்து வைக்கப் பாடுபடுகிறது. இன்னும் நீட்டுவது அவர்களுக்கு எதிரி, பலம்தான் வேண்டும். ஏறும்போது நெஞ்சு இறுகுவது விறைப்புக் கணக்கில் சேராது. உடனே இருந்துவிட வேண்டும், உதவி கேட்க வேண்டும்.

மலை ஏறும் அன்று நீண்ட நேரம் ஒரே நிலையில் பிடித்து நீட்டாதீர்கள். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்து நீட்டினால் சிறிது நேரத்துக்கு அதன் பலம் குறையும். படிக்கட்டுக்கு முன் அது தேவையில்லாத வேலை. நடை, கால் வீச்சு, குதிக்காலை உயர்த்தி இறக்கல், இவை போதும். பிடியுள்ள சப்பாத்துப் போடுங்கள். கற்பாறைப் பூங்காவின் படிகள் உயரம் ஒன்றுபோல் இல்லாதவை. இரும்புப் படிகளில் கூட்டம் பின்னால் தள்ளும், நினைத்த இடத்தில் நிற்க முடியாது. ஓய்வை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். ஓவியங்களுக்குப் போகும் சுருள் படியின் அடியில் ஒன்று, சிங்கப் பாதத் தளத்தில் ஒன்று. குளவிக்குப் பயந்து அமைதி காக்கச் சொல்லிப் பலகை வைத்திருக்கிறார்கள், களைப்பில் சத்தம் போடும் சனத்துக்கு அதுவும் நல்லதுதான். ஏறும் வழியிலுள்ள கண்ணாடிச் சுவரில் ஆயிரம் வருடத்துக்கு முன் வந்தவர்கள் கீறிவிட்டுப் போன பாட்டுகளில் 685ஐ வாசித்து, 1956இல் தொல்லியலாளர் பரணவிதான நூலாக்கினார். பெரும்பாலும் ஓவியப் பெண்களைப் பார்த்து உருகியவை. ஏறி வந்தவர்களுக்கு முழங்காலும் இருந்திருக்கும்.

இறங்கும்போது சிறிய அடி வையுங்கள். முழங்காலை விறைப்பாக வைத்துக் கீழ்ப் படியில் மோதாமல், சற்று மடக்கி, முன்பாதத்தால் தொட்டுப் பாரத்தை விடுங்கள். பக்கவாட்டில் இறங்க வேண்டி வந்தால் இறங்குங்கள், இடையிடையே பக்கத்தை மாற்றுங்கள். கீழே வந்ததும் நேரே வானுக்குள் ஏறிக் காலை மடக்கிக்கொண்டு இருக்காமல் பத்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, திரும்பும் வழியில் மணித்தியாலத்துக்கு ஒருமுறை வானை நிறுத்தி இறங்குங்கள். நீண்ட பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக நொந்தால் அது உளைவு அல்ல, இரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றபடி வரும் உளைவுக்கு மெல்ல நடப்பதும் வெந்நீரும் போதும். எண்ணெய் தேய்த்தால் இதமாக இருக்கும், தேயுங்கள். சிறுநீர் தேத்தண்ணீர்ச் சாயத்தில் போனால் மட்டும் வைத்தியரைப் பாருங்கள். தசை அளவுக்கு மீறிச் சிதைந்ததன் அறிகுறி அது. நாலாம், ஐந்தாம் நாள் உளைவு அடங்கியதும் அந்தப் பிலாட்டீஸ் வகுப்பில் போய்ச் சேருங்கள். பாயில் செய்யும் வகுப்பே போதும், சுருள்வில் பூட்டிய கட்டில் போன்ற கருவி தேவையில்லை. ஆசிரியர் காலை நேராக நீட்டச் சொல்லும்போது உங்கள் முதுகு சரிந்தால், அவர் சொல்லும்வரை காத்திராமல் முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். தலையணை ஒன்றையும் வீட்டிலிருந்து கொண்டு போங்கள்.